2020 மயாமி மார்லின்ஸ்: பாதி அணி படுத்தும் ப்ளேஆஃபுக்குப் போனது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 2019இல் 105 ஆட்டங்களில் தோற்ற அமெரிக்க பேஸ்பால் அணியான மயாமி மார்லின்ஸ், அடுத்த ஆண்டு பாதி அணிக்குக் கோவிட் வந்தும், கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளான ப்ளேஆஃபுக்குப் போனது. இது சாதனையா, 60 ஆட்டங்களோடு முடிந்த சீசனில் அடித்த அதிர்ஷ்டமா, களத்தில் அணியை வழிநடத்திய மேனேஜர் டான் மேட்டிங்லிக்கு விருது கொடுத்தது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு வேறு கேள்விகள் இருக்கின்றன. அந்த அணி எவ்வளவு நல்ல அணி என்பது ஒன்று. அந்த அணி செய்த காரியம் எவ்வளவு கடினமானது என்பது இன்னொன்று. முதலாவதற்கு எண்கள் நன்றாகவே பதில் சொல்லும். இரண்டாவதற்கு எண்கள் பாதி வழிதான் வரும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் 2020 மார்லின்ஸ் பற்றிய பேச்சு எப்போதும் சண்டையில் முடிகிறது.

நான் புள்ளியியல் கற்பிப்பவன். சிறிய மாதிரியை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லிக்கொடுக்க இந்த சீசனைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. பேஸ்பாலைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன், ஆனால் ஆடியவன் இல்லை. நோய்ப்பரவலும் என் துறை இல்லை. அந்த இரண்டைப் பற்றியும் நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பின்னணி, ஏனென்றால் அணி எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாமல் மேலே போக முடியாது. 2017இல் புரூஸ் ஷெர்மன் தலைமையிலான குழு ஏறக்குறைய 120 கோடி டாலருக்கு மார்லின்ஸை வாங்கியது. அணியை நடத்தும் பொறுப்பு முன்னாள் நட்சத்திர வீரர் டெரெக் ஜீட்டருக்கு வந்தது. வந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை இருந்த நட்சத்திரங்களை ஒவ்வொருவராக அனுப்பியது. ஜியான்கார்லோ ஸ்டான்டன் யாங்கீஸுக்குப் போனார், கிறிஸ்டியன் யெலிச் மில்வாக்கிக்கு, மார்செல் ஓசூனா செயின்ட் லூயிஸுக்கு. 2019 தொடக்கத்தில் கேட்சர் ஜே. டி. ரியல்முட்டோ பிலடெல்பியாவுக்குப் போனார். மயாமி ரசிகர்கள் கொதித்தார்கள். 57 வெற்றி, 105 தோல்வி என்ற 2019 கணக்கு அந்த விற்பனையின் நேரடி விளைவு. ஆனால் பதிலுக்கு வந்தவர்களைப் பாருங்கள். ஓசூனாவைக் கொடுத்து வாங்கியவர்களில் ஒருவர் சாண்டி அல்கான்டரா. ரியல்முட்டோவுக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவர் சிக்ஸ்டோ சான்செஸ். உரிமை கைமாறுவதற்குச் சற்று முன்பே சியாட்டிலிலிருந்து பெரிய சத்தமில்லாமல் வந்திருந்தவர் பாப்லோ லோபஸ். மூவரும் பந்து வீசும் பிட்சர்கள், மூவரும் இளைஞர்கள். இந்தப் பெயர்களை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அப்புறம் 2020. மார்ச் 12 அன்று பயிற்சி ஆட்டங்கள் நின்றன. சம்பளத்தைப் பற்றி உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் வாரக்கணக்கில் மல்லுக்கட்டி, உடன்பாடு வராமல், கடைசியில் ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் 60 ஆட்ட அட்டவணையை அறிவித்தார். வழக்கமாக 162. பயணத்தைக் குறைக்க, ஒவ்வொரு அணியும் தன் வட்டாரத்து அணிகளோடு மட்டும் ஆடியது. ரசிகர்கள் இல்லை, இருக்கைகளில் அட்டைப் படங்கள்தான். மேஜர் லீக்குக்கு வரக் காத்திருப்பவர்கள் ஆடும் மைனர் லீக் சீசன் முழுவதும் ரத்து. அதற்குப் பதிலாக ஒவ்வொரு அணியும் 60 பேர் கொண்ட பட்டியல் வைத்துக்கொள்ளலாம். முதன்மை அணியில் இல்லாதவர்கள் தனியாக ஒரு இடத்தில் பயிற்சி செய்துகொண்டு அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். மார்லின்ஸின் மாற்று வீரர்கள் ஃப்ளோரிடாவின் ஜூபிட்டர் ஊரில் இருந்தார்கள். அழைப்பு இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு பேருக்கு வரும் என்று அங்கே யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஜூலை 24, பிலடெல்பியா. முதல் ஆட்டத்தில் அல்கான்டரா வீச, மார்லின்ஸ் 5–2 என்று வென்றது. அடுத்த நாள் தோல்வி. ஞாயிற்றுக்கிழமை, ஜூலை 26 அன்று வீச வேண்டிய ஹோசே உரேன்யா கடைசி நேரத்தில் விலக்கப்பட்டார். அணிக்குள் சிலருக்குத் தொற்று உறுதியானது காலையிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஆட்டம் நடந்தது. வீரர்கள் தங்களுக்குள் வாட்ஸ்அப் போன்ற ஒரு குழுவில் பேசி, ஆடுவது என்று தீர்மானித்ததாக ஷார்ட்ஸ்டாப் மிகெல் ரோஹாஸ் பிறகு சொன்னார். அன்று 11–6 என்று வென்றார்கள். இதைப் பற்றி என் கருத்தை மறைக்கவில்லை: அந்த ஆட்டம் நடந்திருக்கக் கூடாது. அந்தப் பொறுப்பு வீரர்களுடையது மட்டும் இல்லை. தொற்று உறுதியான பிறகு ஆடலாமா என்ற முடிவை வீரர்கள் கையில் விட்டுவைத்த லீக்கின் ஏற்பாடுதான் முதல் குற்றவாளி. சில நாள்களில் விதிகளை இறுக்கி, ஒவ்வொரு அணிக்கும் ஒரு கண்காணிப்பு அதிகாரியை வைத்தார்கள். முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டியது.

தொடர்ந்து வந்த பரிசோதனைகளில் எண்ணிக்கை 18 வீரர்களுக்குப் போனது, பயிற்சிக் குழுவிலும் சிலர். அப்போது ஒரு அணியின் முதன்மைப் பட்டியலே 30 பேர். பாதிக்கு மேல் போய்விட்டது. அல்கான்டரா, ரோஹாஸ் எல்லோரும் அதில் அடக்கம். அணி பிலடெல்பியா ஹோட்டல் அறைகளில் முடங்கியது. தொற்று வந்தவர்கள் பேருந்தில் மயாமிக்குத் திரும்பினார்கள். எட்டு நாள் ஆட்டமே இல்லை. எதிரே ஆடிய பிலடெல்பியாவும் ஒரு வாரம் நிறுத்தப்பட்டது. மயாமிக்குப் போக வேண்டிய வாஷிங்டன் வீரர்கள் போக மாட்டோம் என்று வாக்களித்தார்கள். தொற்று எங்கே தொடங்கியது என்பது பற்றிப் பல வதந்திகள் உலவின. வீரர்கள் ஊர் சுற்றிக் கூத்தடித்தார்கள் என்ற பேச்சை ஜீட்டர் மறுத்தார், பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நினைப்பில் அசட்டையாக இருந்துவிட்டார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார். இதில் உறுதியாக நிறுவப்பட்டது தொற்று எண்ணிக்கையும் தேதிகளும்தான், மற்றதெல்லாம் ஊகம்.

ஆகஸ்ட் 4, பால்டிமோர். அன்று களமிறங்கிய மார்லின்ஸைப் பார்த்தால் சீசன் தொடக்கத்தில் இருந்த அணி என்று சொல்ல முடியாது. ஜூபிட்டரிலிருந்து வந்தவர்கள், மற்ற அணிகள் வேண்டாம் என்று விட்டதை எடுத்துக்கொண்டவர்கள், அவசரமாகப் பேரம் பேசி வாங்கியவர்கள். ரிச்சர்ட் ப்ளையர் என்ற இடதுகை பிட்சரை அந்த இடைவெளியில் பால்டிமோரிடமிருந்தே வாங்கினார்கள், சில நாள் முன்புவரை எதிரணி டக்அவுட்டில் உட்கார்ந்திருந்தவர். ஜேம்ஸ் ஹோய்ட் கிளீவ்லாண்டிலிருந்து வந்தார். எடி ஆல்வரெஸ் மயாமிக்காரர், 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் பனித்தளத்தில் சறுக்கி ஓடும் வேகப் பந்தயத்தில் அமெரிக்காவுக்காக வெள்ளி வென்ற தொடரோட்டக் குழுவில் இருந்தவர். முப்பது வயதில், இந்தக் குழப்பத்தில்தான் அவருக்கு மேஜர் லீக் வாய்ப்பு கிடைத்தது. நல்ல நாளில் இவர்களில் பலருக்கும் கதவே திறந்திருக்காது. இந்தக் கூட்டம் லோபஸின் வீச்சில் முதல் ஆட்டத்தை 4–0 என்று வென்றது. அடுத்த நாள் இரட்டை ஆட்டம், இரண்டிலும் வெற்றி. நான்காவதிலும் வெற்றி. மூன்று நாளில் நான்கு ஆட்டம், நான்கும் இவர்கள் பக்கம். சீசன் கணக்கு ஆறு வெற்றி, ஒரு தோல்வி. சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம் ஆட ஆகஸ்ட் 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதற்குள் இந்தக் கதை நாடு முழுவதும் பரவிவிட்டது.

இனி எண்களுக்கு வருவோம். இங்கேதான் மார்லின்ஸ் ரசிகர்கள் என்மேல் கோபப்படுவார்கள். 60 ஆட்டத்தின் முடிவில் மார்லின்ஸ் 31 வெற்றி, 29 தோல்வி. எடுத்த ரன் 263, கொடுத்த ரன் 304. அதாவது எதிரணிகள் இவர்களைவிட 41 ரன் கூடுதலாக எடுத்திருக்கின்றன. பேஸ்பாலில் பழகிப்போன ஒரு சூத்திரம் உண்டு: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்ததன் வர்க்கமும் கொடுத்ததன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அணி வெல்ல வேண்டிய விகிதம் ஏறக்குறைய வரும். மார்லின்ஸுக்குப் போட்டுப் பாருங்கள், 26 வெற்றி, 34 தோல்வி வரும். ஐந்து வெற்றி மேலதிகம். 60 ஆட்டத்தில் அது பெரிய வித்தியாசம்.

உடனே ஒரு எதிர்வாதம் வரும், நியாயமான வாதம்தான். செப்டம்பர் 9 அன்று அட்லாண்டாவிடம் 29–9 என்று தோற்றார்கள். மேஜர் லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் (மற்றது அமெரிக்கன் லீக்) நவீன காலத்தில் ஓர் அணி ஒரே ஆட்டத்தில் எடுத்த அதிகபட்ச ரன் அது. அந்த ஒரு நாளிலேயே 20 ரன் பள்ளம். எத்தனை ரன்னில் தோற்றாலும் கணக்கில் அது ஒரு தோல்விதானே, அதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறீர்கள் என்று கேட்கலாம். சரி, அந்த ஆட்டத்தைத் தூக்கிவிட்டு மீதி 59க்கும் கணக்குப் போட்டேன். 27 வெற்றிதான் வருகிறது. ஆக அந்தப் படுதோல்வி படத்தைக் கொஞ்சம் கருப்பாக்குகிறது, ஆனால் அதை எடுத்துவிட்டாலும் அணி சராசரிக்குக் கீழேதான் நிற்கிறது.

அப்படியானால் 31 எப்படி வந்தது? இங்கேதான் சீசனின் நீளம் வேலை செய்கிறது. இருபது ஓவர் ஆட்டத்தில் சின்ன அணி பெரிய அணியைச் சாய்ப்பதும், ஐந்து நாள் டெஸ்டில் அது அபூர்வமாவதும் கிரிக்கெட் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். ஆட்ட எண்ணிக்கைக்கும் இதே தர்க்கம்தான். ஓர் அணியின் உண்மையான தரம் 45 சதவீதம் வெல்லும் தரம் என்று வைத்துக்கொள்வோம். 60 ஆட்டத்தில் அது 27 வெல்ல வேண்டும். ஆனால் தற்செயல் அதை இரண்டு பக்கமும் நான்கு ஆட்டம் வரை சாதாரணமாகவே தள்ளிவிடும். 31 அல்லது அதற்கு மேல் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 18 சதவீதம். அதே அணி அதே வெற்றி விகிதத்தை 162 ஆட்டத்தில் எட்டும் வாய்ப்பு ஐந்து சதவீதம்கூட இல்லை. இது எல்லா ஆட்டத்திலும் ஒரே வாய்ப்பு என்று எளிமைப்படுத்திய கணக்கு. உண்மையில் பிட்சர் மாறுகிறார், எதிரணி மாறுகிறது, நடுவில் பாதி அணியே மாறிவிட்டது. ஆனாலும் அளவு இந்த வட்டாரத்தில்தான் இருக்கும்.

மறுபக்கத்தையும் காட்ட ஒரு எடுத்துக்காட்டு. 2019இல் உலகத் தொடரை வென்ற வாஷிங்டன் நேஷனல்ஸ், அந்த ஆண்டு முதல் 60 ஆட்டம் முடிந்தபோது 27 வெற்றி, 33 தோல்வியில் இருந்தது. 2019இலும் சீசன் 60 ஆட்டத்தோடு நின்றிருந்தால் அந்தச் சாம்பியனே இல்லை.

இதோடு நிறுத்திவிட்டால் “எல்லாம் அதிர்ஷ்டம்” என்று சொன்னதாகிவிடும். அதுவும் தவறு. ஒரு சோதனை செய்து பாருங்கள்: 2019இல் 105 தோற்ற அதே அணி, அதே தரத்தோடு 2020இல் ஆடியிருந்தால் 31 வெல்லும் வாய்ப்பு எவ்வளவு? நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆக அணி நிஜமாகவே மேம்பட்டிருந்தது. முக்கியக் காரணம் நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்த இளைஞர்கள்தான். லோபஸ் சீசன் முழுக்கத் தூணாக நின்றார். அல்கான்டரா தொற்றிலிருந்து மீண்டு ஆகஸ்ட் கடைசியில் திரும்பினார். சான்செஸ் ஆகஸ்ட் 22 அன்று அறிமுகமாகி, மணிக்கு நூறு மைலை எட்டும் வேகத்தில் வீசிக் காட்டினார். கூடவே ஹெசூஸ் அகிலார், கோரி டிக்கர்சன், கடைசி இன்னிங்ஸில் ஆட்டத்தை முடித்துவைக்கும் பிராண்டன் கின்ட்ஸ்லர் போன்ற அனுபவசாலிகளை மலிவாகச் சேர்த்திருந்தார்கள். ஆகஸ்ட் 31, வீரர் பரிமாற்றக் கெடு நாளில் அரிசோனாவிடமிருந்து ஸ்டார்லிங் மார்ட்டேயை வாங்கியது, நாங்கள் வெல்லத்தான் வந்திருக்கிறோம் என்று நிர்வாகம் வீரர்களுக்குச் சொன்ன செய்தி.

இன்னொரு குற்றச்சாட்டு, அந்த ஆண்டு ப்ளேஆஃபை 16 அணிகளுக்கு விரித்ததால்தான் இவர்கள் உள்ளே வந்தார்கள் என்பது. பாதிதான் சரி. 29–31 என்று தோல்விக் கணக்கோடு மில்வாக்கி உள்ளே வந்தது அந்தச் சலுகையால். மார்லின்ஸ் தன் பிரிவில் அட்லாண்டாவுக்கு அடுத்து இரண்டாவதாக முடித்தது. லீக்குக்கு ஐந்து அணிகள் மட்டும் தகுதி பெற்ற பழைய விதிப்படி நேஷனல் லீக்கின் கடைசி இடத்துக்கு சான் டியாகோவுக்குப் பின்னால் யார் என்று பார்த்தால், மார்லின்ஸும் சின்சினாட்டியும் 31–29 என்று சமமாக நிற்கின்றன. தன் அணியிலும் தொற்று பரவியதால் 58 ஆட்டம் மட்டுமே ஆடிய செயின்ட் லூயிஸ் 30–28 என்று மயிரிழை முன்னால். அதாவது பழைய விதியிலும் இவர்கள் வாசலில் நின்றிருப்பார்கள், உள்ளே போயிருப்பார்களா என்று யாராலும் சொல்ல முடியாது.

செப்டம்பர் 25 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் பத்து இன்னிங்ஸ் ஆடி 4–3 என்று வென்று தகுதி பெற்றார்கள். 2003க்குப் பிறகு முதல் முறை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில்தான் இந்த அணியின் நட்சத்திர பிட்சர் ஹோசே ஃபெர்னாண்டஸ் படகு விபத்தில் இறந்தார். மயாமிக்காரர்களுக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு சிகாகோ ரிக்லி ஃபீல்டில் கப்ஸை 5–1, 2–0 என்று இரண்டே ஆட்டத்தில் வெளியேற்றினார்கள். முதலாவதில் அல்கான்டரா, இரண்டாவதில் சான்செஸ். ப்ளேஆஃப் தொடர் எதிலும் தோற்றதே இல்லை என்ற இந்த அணியின் வினோதப் பெருமை அதுவரை நீடித்தது. அடுத்த சுற்றில் அட்லாண்டா மூன்றே ஆட்டத்தில் அதை முடித்துவைத்தது, கடைசி இரண்டிலும் இவர்கள் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. கப்ஸோடு ஆடிய முதல் ஆட்டத்திலேயே பந்து பட்டு மார்ட்டேயின் விரல் உடைந்ததும் ஒரு காரணம்தான், ஆனால் சீசன் முழுக்க மட்டை பலவீனமாக இருந்த அணி இது.

இனி விருது. 2020இல் நேஷனல் லீக்கின் சிறந்த மேனேஜர் விருது மேட்டிங்லிக்குப் போனது. 1985இல் அமெரிக்கன் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது வாங்கியவர், இரண்டையும் வாங்கிய ஐந்தாவது ஆள். என் பதில்: கொடுத்தது சரி, ஆனால் 31 வெற்றிக்காக இல்லை. 60 ஆட்ட சீசனில் 60 பேருக்கு மேல் களமிறக்கிய அணி இது. யார் எந்த இன்னிங்ஸில் வீசுவார், எவருக்கு எத்தனை நாள் ஓய்வு, நேற்று வந்தவரை இன்று எங்கே நிறுத்துவது என்று தினமும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டும். தள்ளிப்போன ஆட்டங்களைச் சரிக்கட்ட இரட்டை ஆட்டங்கள் வரிசைகட்டி நின்றன, பிட்சர்களின் கையைக் கெடுக்காமல் அவற்றைக் கடப்பதே பெரிய வேலை. இரட்டை ஆட்டங்களை ஒன்பதிலிருந்து ஏழு இன்னிங்ஸாகக் குறைத்த விதி இவர்களுக்குக் கை கொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த வேலையின் தரத்தை அளக்க என்னிடம் சூத்திரம் இல்லை. பார்த்தவரையில் வேறு எவரும் அதைவிட நன்றாகச் செய்திருப்பார் என்று தோன்றவில்லை. ஆனால் வீரர் சேர்க்கைக்குப் பொறுப்பாக இருந்து அந்த அணியை அள்ளிச் சேர்த்த மைக்கேல் ஹில்லுக்கு விருது இல்லை, அக்டோபரில் வேலையும் போனது. எட்டு நாளில் ஒரு அணியைத் திரட்டிக் கொடுத்தவரை அனுப்பியது எனக்கு இன்றும் உறுத்துகிறது. நவம்பரில் அவருக்குப் பிறகு கிம் ஆங் வந்தார், மேஜர் லீக்கில் பொது மேலாளரான முதல் பெண்.

நான் சொன்ன எண்கள் சரிதானா என்று சோதிக்க அடுத்த ஆண்டைப் பாருங்கள். 2021இல் முழு சீசன், மார்லின்ஸ் 67 வெற்றி, 95 தோல்வி. வெற்றி விகிதம் 41 சதவீதம். 2020க்கு ரன் கணக்கு சொன்னது 43, உண்மையில் வந்தது 52. எது அணியின் நிஜத் தரத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்று பாருங்கள். மார்ட்டே நடுவில் விற்கப்பட்டார், சான்செஸ் தோள்பட்டைக் காயத்தால் 2024 வரை மேஜர் லீக்கில் வீசவே இல்லை, ஆகவே அதே அணி என்று சொல்ல முடியாது. அல்கான்டரா 2022இல் ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமனதாக வென்றார், ஆனால் அந்த ஆண்டும் அணி 93 தோற்றது.

என் கணக்குக்கு எதிராக ஒன்றை நானே எடுத்துப் போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே யாராவது போடுவீர்கள். 2023இல் மார்லின்ஸ் 162 ஆட்டமும் ஆடி, எடுத்த ரன்னைவிட 57 ரன் கூடுதலாகக் கொடுத்தும், 84–78 என்று முடித்து மறுபடி ப்ளேஆஃபுக்குப் போனது. ஐந்து சதவீதத்துக்கும் குறைவு என்று நான் மேலே சொன்ன வகையான நிகழ்வு அது. முப்பது அணிகள் ஆண்டுதோறும் ஆடும்போது எங்காவது ஓரிடத்தில் நடக்கத்தான் செய்யும். அந்த ஆண்டும் சிறந்த மேனேஜர் விருது மார்லின்ஸுக்கே போனது, இந்த முறை ஸ்கிப் ஷூமேக்கருக்கு.